நூற்று நாற்பத்து நான்காவது புள்ளி

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு அழுகிப்போகட்டும். பல்லெல்லாம் போய் மிச்சமிருப்பது நாக்கு ஒன்றுதான். அதைப் பணயம் வைத்து எவனும் பொய் சொல்லமாட்டான்.

பழைய வரைபடங்களைக் காத்து வைக்கும் அலுவலகம் அது. அங்கே கிழிந்ததை ஒட்டி, அழுக்கை எடுத்து, மடிப்பை நீவிவிடுவது ஒருவருடைய வேலை. செப்பனிடுபவர் என்றுதான் அவரைச் சொல்வார்கள். மனைவி போய் மூன்று வருடம். பிள்ளை குட்டி இல்லை. அவள் வாங்கி வைத்த ஐந்து தம்ளர்களில் ஒன்றைத்தான் அவர் புழங்கினார். மற்ற நான்கும் மேல்தட்டில் கவிழ்ந்தபடி தூசி படிந்து கிடந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவர் மேசையிலிருந்த எட்டாம் எண் தாளில் ஓர் ஒற்றையடிப்பாதை எங்கேயும் போகாமல் நின்றது.

அது எல்லைப்புறத் தாள். நாட்டுக்கு இருபது வயதுகூட ஆகாத காலத்தில், தன் எல்லை எதுவரை என்று அதற்கே தெரியாதபோது, அளவைக்காரர்களை அனுப்பி வரையவைத்தது. ஓர் ஆறு, இரண்டு குன்று, மிச்சமெல்லாம் வெள்ளை. வெள்ளையின் நடுவே ‘அளக்கப்படவில்லை’ என்று சாய்வெழுத்து. ஆற்றங்கரையிலிருந்து புள்ளி புள்ளியாக ஒரு பாதை அந்த வெள்ளைக்குள் போனது. போய், நின்றது.

ஒன்றுமில்லாத இடத்துக்கு எந்த அளவைக்காரனும் பாதை போடமாட்டான். அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். பாதையின் முனையில் காகிதம் புதிதாகச் சுரண்டப்பட்டிருந்தது. சுரண்டியது அவருடைய கத்திதான். காலையில் அதைக்கொண்டுதான் தாளிலிருந்த ஈ எச்சப் புள்ளிகளை எடுத்தார். தனியாக இருப்பவர்களின் பழக்கப்படி எண்ணிக்கொண்டே எடுத்தார். நூற்று நாற்பத்து நான்கு. குப்பைக் காகிதத்தில் கிடந்த துகள்களைக் கிளறினார். ஒன்று மட்டும் கறுப்பாக, தட்டையாக, நாலு மூலையோடு இருந்தது.

உலகத்தில் எந்த ஈயும் சதுரமாகப் போகாது.

தாளின் ஓரத்துக் குறிவிளக்கத்தைப் பார்த்தார். வெற்றுச் சதுரம்: ஆளில்லாத வீடு. கறுப்புச் சதுரம்: ஆள் குடியிருக்கும் வீடு. தாளைத் திருப்பினார். தாள் கிழியாமலிருக்கப் பின்பக்கம் ஒட்டியிருந்த துணியைக் காலையில்தான் உரித்திருந்தார். அது மூடியிருந்த இடத்தில் பென்சிலில் ஒரு வரி: ‘பாதை முடிவில் ஒரு வீடு. நால்வர். தண்ணீர் கொடுத்தார்கள்.’

“என்ன சார், தாளை மோந்து பாக்குறீங்க?” மேலதிகாரி அம்மா வாசலில் நின்றார். “திங்கக்கிழமை கண்காட்சிக்கு மாட்டணும். சேதம் ஒண்ணுமில்லையே?”

“ஈ எச்சந்தான் மேடம். எடுத்துட்டேன்.”

“நீங்க இருக்கீங்கன்னுதான் நான் நிம்மதியா தூங்குறேன். இருபத்தாறு வருஷம், ஒரு கீறல் கிடையாது.”

அந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு வீடு, சொத்து, சுற்றம் எல்லாம். அதைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் அவர் தன் வீட்டுக் கதவைத் திறந்தபோது, எரிவாயு அடுப்பைத் தவிர வேறெதுவும் எரிந்திராத அந்த வீட்டுக்குள் ஈர விறகின் புகைநாற்றம் திரைச்சீலையிலும் தலையணையிலும் ஏறியிருந்தது. வாசற்படியில் இந்த ஊர் மண்ணில் இல்லாத சிவப்பில் மெல்லிய புழுதி விழுந்திருந்தது. சுவருக்கு அப்பால் மிகத் தொலைவில், ஆனால் மாடிப்படியிலோ தெருவிலோ அல்லாமல் வேறெங்கோ, சுமையோடு நடப்பவர்களின் காலடி நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. நாலு ஜோடிக் கால்கள். ஒன்று சின்னக் கால். மற்றவர்களுக்கு ஈடுகொடுக்க அவ்வப்போது ஓடியது.

வியாழக்கிழமை எதிர்வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். “தனிக்கட்டை தனிக்கட்டைன்னு சொல்லிட்டு இப்படிக் கூட்டத்தைக் கூட்டிட்டீங்களே!”

“யாரு?”

“என்னைக் கேட்டா? நாலு பேரு, மூட்டை முடிச்சோட. ‘எங்க வீட்டைக் காணோம், பாத்தீங்களா’ன்னு கேட்டாங்க. வெயில்ல புத்தி கலங்கிருச்சு போல. பாவமா இருந்துச்சு. உங்களுக்குத்தான் ஆளே கிடையாதே, உங்க சொந்தமா இருக்கும்னு உங்க கதவைக் காட்டிட்டேன்.”

செப்பனிடுபவர் தன் கதவைத் திரும்பிப் பார்த்தார். பயத்துக்கு அடியில், சொன்னால் வெட்கக்கேடு, ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது. மூன்று வருடத்தில் அவர் கதவைத் தேடி யாரும் வந்ததில்லை.

உள்ளே போனார். யாருமில்லை. மேல்தட்டில் நான்கு தம்ளர்களும் நிமிர்ந்திருந்தன. உள்ளே ஈரம்.

வெள்ளிக்கிழமை அவருக்கு இரண்டு வழி இருந்தது. உண்மையைச் சொல்லலாம். அல்லது மையைத் தொட்டு அந்த வீட்டைத் திரும்ப வரையலாம். மூலத்தாளில் புது மை வைப்பது அவர் தொழிலில் கொலைக்குச் சமம். எல்லோரும் கிளம்பும் நேரம்வரை காத்திருந்து அவர் கொலையைத் தேர்ந்தெடுத்தார்.

தூரிகை நுனியை வைத்தார். தாமரை இலைத் தண்ணீர்போல மை குண்டாகத் திரண்டு உருண்டது. காகிதம் ஏற்கவில்லை. மறுபடி. ஏற்கவில்லை. மூன்றாம் முறை அந்தக் கறுப்புத் துளி பாதை நெடுக, புள்ளி புள்ளியாக ஆற்றங்கரைவரை உருண்டு, தாளைவிட்டே விழுந்தது.

மேலதிகாரி அம்மாவின் அறையில் இன்னும் வெளிச்சம் இருந்தது. வாசலில் போய் நின்றார்.

“என்ன சார்?”

நாக்கு நுனிவரை வந்தது. இருபத்தாறு வருடம். ஒரு கீறல் கிடையாது.

“ஒண்ணுமில்ல மேடம். வரேன்.”

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வழக்கமாகப் பதினைந்து நிமிட நடை. அன்று அது தீரவில்லை. கடைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பெயர்ப்பலகையில் எழுத்து இல்லை. பிறகு பலகை இல்லை. காலில் சிவப்புப் புழுதி. தொண்டை வறண்டது.

அவர் கதவு. வாசலில் நாலு ஜோடிச் செருப்பு. தேய்ந்தவை. ஒன்று சின்னது.

சாவியைப் போட்டார். திரும்பவில்லை.

ஜன்னல். உள்ளே விளக்கு. அவர் மேசையைச் சுற்றி நாலு பேர். விறகுப் புகை. குழந்தை எதற்கோ சிரித்தது. யாரும் அவசரப்படவில்லை. யாரும் பயப்படவில்லை. குடியிருப்பவர்கள் இருப்பதுபோல இருந்தார்கள்.

தட்டினார்.

சிரிப்பு நின்றது. கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு பெண். கையில் தம்ளர். அவர் புழங்கிய அதே தம்ளர்.

“அட பாவமே,” என்றாள், மனசார. “ரொம்ப தூரத்துலேர்ந்து நடந்து வரீங்களா? தண்ணி குடிங்க. குடிச்சிட்டு இருட்டுறதுக்குள்ள கிளம்பிருங்க. இங்க பக்கத்துல வேற வீடு எதுவும் கிடையாது.”

வாங்கிக்கொண்டார். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள்.

திரும்பினார்.

எதிர்வீடு இல்லை. தெரு இல்லை. வானம் தொடங்கும் கோடும் இல்லை. வெள்ளை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெள்ளை. அதன்மேல், காலடியிலிருந்து தொடங்கி, புள்ளி புள்ளியாக ஒரு பாதை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடியிலிருந்து யாரோ ஒவ்வொன்றாகச் சுரண்டிக்கொண்டு வந்தார்கள். பொறுமையாக. எண்ணிக்கொண்டே.

எட்டாம் எண் தாள், செப்பனிடுபவர் பிறப்பதற்கு ஆறு வருடம் முன்பே அலுவலகத் தீயில் எரிந்துபோனது. சாம்பலை வாரிக் கொட்டியவன் நான்.