முகத்துக்குத் திறக்கும் லேப்டாப்

அந்த வீட்டு அழைப்புமணியை அழுத்தியபோது போட்டோக்காரர் மனதில் பயம் கியம் எதுவும் இல்லை. இருந்ததெல்லாம் ஆசைதான். நல்ல லேப்டாப், அதுவும் மகள் சேரப்போகிற அதே ஆர்க்கிடெக்சர் படிப்புக்காக யாரோ வாங்கியது, அடிமாட்டு விலைக்கு வருகிறது. விளம்பரத்தைப் பார்த்த மனுஷன் ஸ்டுடியோவை அப்படியே பூட்டிவிட்டு ஓடி வந்திருந்தார்.

மழை மூட்டமான மதியம். படிக்கட்டு முழுக்க ஈர வாடை. வந்து கதவைத் திறந்த அம்மாள், விருந்தாளியை வாசலோடு அனுப்பிவிடலாமா என்று யோசிப்பவர் போலக் கதவைப் பாதிதான் திறந்தார்.

"லேப்டாப் விஷயமா போன் பண்ணேனேம்மா."

"உள்ள வாங்க."

எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது, உள்ளே புழுங்கிய வாடை. பகலிலேயே விளக்கு எரிந்தது. சாப்பாட்டு மேசையில் லேப்டாப், கனமான போர்வையில் சுற்றி, மேலே கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கண்ணாடிச் சாமான்களைக்கூட யாரும் இப்படிக் கட்டமாட்டார்கள். எதிர்ச் சுவரில் ஒரு பெண்ணின் பெரிய படம். நேரான பார்வை, இரண்டு பக்கமும் சமமான வெளிச்சம். எடுத்தவன் தொழில் தெரிந்தவன் என்று போட்டோக்காரர் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

"என் பொண்ணு," என்றார் அந்த அம்மாள். "போன வருஷம் போயிட்டா."

"ஐயோ. மன்னிச்சுக்கோங்கம்மா, தெரியாம வந்து..."

"பரவால்ல. படிப்புக்கு வேண்டிய டிராயிங் சாஃப்ட்வேர் எல்லாம் காசு கட்டிப் போட்டுக் குடுத்தோம். அதெல்லாம் வேணாம். நீங்க நேரா கடைக்குக் கொண்டுபோய் எல்லாத்தையும் தொடச்சிடுங்க. தொடைக்காம உங்க பொண்ணு கையில குடுக்காதீங்க."

"பாஸ்வேர்டு ஏதாவது..."

"தெரியாது. அவ முகத்தைப் பார்த்தாத்தான் தெறக்கும். அப்படி வெச்சிருந்தா."

"நீங்களே தொடச்சு வித்திருந்தா இன்னும் நல்ல விலைக்குப் போயிருக்குமேம்மா."

அந்த அம்மாள் போர்வையைப் பார்த்தார். கிட்டே போகவில்லை.

"அதைக் கையில எடுத்துக்கிட்டு கடை வரைக்கும் நடக்க எனக்குத் தைரியம் இல்லீங்க."

பெற்ற வயிறு, பாவம் என்று போட்டோக்காரர் நினைத்துக்கொண்டார். நினைத்தது பாதி மனசுதான். மீதி மனசு அந்த சாஃப்ட்வேர் மேலேயே நின்றது. அதையெல்லாம் புதிதாக வாங்குவதென்றால் ஸ்டுடியோவையே விற்க வேண்டும். குடிக்கத் தண்ணீர் கேட்டார். அந்த அம்மாள் உள்ளே போன நேரத்தில் போனை எடுத்து, சுவரிலிருந்த படத்தை நேருக்கு நேராக நின்று ஒரு கிளிக். எத்தனை வருஷத் தொழில், கை ஆடவே இல்லை.

வீடும் ஸ்டுடியோவும் ஒன்றுதான். முன்னறையில் கேமரா, பின்னால் குடித்தனம். மகளுக்கு வீட்டில் பெயர் வாண்டு. அப்பாவைவிட உயரமாக வளர்ந்துவிட்டாள், இருந்தும் பெயர் போகவில்லை. அடுத்த வாரம் ஹாஸ்டலுக்குப் போகப்போகிறவள், லேப்டாப்பைப் பார்த்ததும் குதித்தாள்.

"அப்பா, சூப்பர்ப்பா! ஆனா பூட்டியிருக்கே?"

"அப்பன் எதுக்கு இருக்கேன்?"

இங்கேதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். வேறு தொழில்காரனாக இருந்திருந்தால் நேராக மெக்கானிக்கிடம் போயிருப்பான். இவருக்குத் தெரிந்த தொழில் முகம். இறந்துபோன பெண்ணின் முகத்தை ஆளின் நிஜ அளவுக்குப் பெரிதாக்கினார். பளபளக்காத தாளில் அச்செடுத்தார். வெளிச்சம் பட்டு மின்னினால் கேமரா ஏமாறாது அல்லவா? பிளேடால் இரண்டு கண்களையும் பதமாக வெட்டி எடுத்தார், மூக்கின் ஓரங்களைக் கீறி மடித்துத் தூக்கினார், காது வரைக்கும் வளைத்துக் காதோரம் ரப்பர் கட்டினார். மத்தியானம் தொடங்கிய வேலை விளக்கு வைக்கும் நேரத்தில்தான் முடிந்தது.

முதலில் தானே மாட்டிப் பார்த்தார். திறக்கவில்லை.

"உங்க மூஞ்சிக்கு என் போனே தெறக்காதுப்பா," என்று சிரித்தாள் வாண்டு.

"அப்ப நீ மாட்டு. பொண்ணு கண்ணுன்னா தெறக்கும்."

அவர் மனைவி கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். "உங்களுக்கு என்ன கிறுக்குப் புடிச்சிருக்கா? செத்த பொண்ணு முகத்தைக் கொண்டுவந்து நம்ம பொண்ணுக்கு மாட்டறீங்களே!"

"ஒரே நிமிஷம். காகிதம்தானேடி."

வாண்டு மாட்டிக்கொண்டாள். தைத்தது போலப் பொருந்தியது. கண்களுக்கு நடுவேயுள்ள தூரம்கூட இம்மி பிசகவில்லை. காகித முகத்துக்குள்ளிருந்து மகளின் கண்கள் இமைத்தன.

லேப்டாப்பின் மேலே சின்ன விளக்கு எரிந்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது.

திறந்தது.

வாண்டு கைதட்டினாள். போட்டோக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அந்தக் காகிதத்தைக் கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வியர்வையில் ஒட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே மெதுவாக உரித்தார். மகளின் முகத்தைச் சுற்றிலும் ஒரு சிவந்த கோடு. இரண்டு நாள் மறையவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் காகிதம் தேவைப்படவே இல்லை.

"உன் முகத்தைப் பதிஞ்சுட்டியா?" என்று கேட்டார்.

"நான் எதையும் மாத்தலப்பா. சும்மா போய் முன்னாடி உக்கார்ந்தேன், தானா தெறக்குது."

அப்பாடா, தொல்லை விட்டது என்று நினைத்தார். மகள் நாள் முழுக்க அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். கட்டடங்கள் வரைந்தாள். அம்மா அழைத்தால் இரண்டாவது தடவைதான் திரும்பினாள். காலேஜ் பைத்தியம் பிடித்துவிட்டது என்று மனைவி திட்டினாள்.

ஒரு நாள் காலை, ஏதோ கேட்பதற்காக மகளின் அறைக்குப் போனார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். அறையில் ஆள் இல்லை. மேசையில் லேப்டாப் கறுப்புத் திரையோடு திறந்து கிடந்தது. எதிரே நாற்காலி.

திரும்பப் போனவர் நின்றார்.

சாத்திய அறைகளுக்கே உரிய ஒரு வாடை. எங்கோ முகர்ந்த வாடை.

சின்ன விளக்கு எரிந்தது. திரையில் வட்டம் சுற்றியது. காலி நாற்காலியைப் பார்த்து லேப்டாப் திறந்துகொண்டது.

பின்னால் தண்ணீர் நின்றது. "யாரு, அப்பாவா?" என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது. பழைய மெஷின், கோளாறு இருக்கும் என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தார். சொல்லிக்கொண்டார், அவ்வளவுதான். நம்பவில்லை.

அன்று மதியமே காலேஜ் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க மகளை ஸ்டுடியோ நாற்காலியில் உட்கார வைத்தார். வாண்டுவைப் படமெடுப்பது சிறு வயதிலிருந்தே ஒரு பெரும் பாடு. தலையை இடது பக்கம் சாய்த்துக்கொண்டே இருப்பாள். நேராக்கினால் அடுத்த நொடி மறுபடி சாயும். "கழுத்துல ஸ்பிரிங் வெச்சுப் பொறந்திருக்கே," என்று அவர் கத்தாத நாளில்லை.

இன்று கத்த வேண்டியிருக்கவில்லை.

உட்கார்ந்தாள். நேராகப் பார்த்தாள். அசையவில்லை.

கணினியில் படத்தைப் பெரிதாக்கினார். நெற்றி, புருவம், மூக்கு. மகளின் முகம்தான். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் ஒரு மத்தியானம் முழுக்கப் பிளேடோடு வேறொரு முகத்தின் ஓரங்களைச் சுற்றி வந்தவர் அவர். எந்தக் கண் எங்கே முடிகிறது என்று அவர் விரலுக்குத் தெரியும். திரையில் இருந்தவை அந்த ஓரங்கள்.

நாற்காலி பக்கம் திரும்பினார்.

"வாண்டு," என்றார் மெதுவாக.

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "ஓ, என்னைத்தானே கூப்பிட்டீங்க?"

போட்டோக்காரர் தெருமுனைக்கு ஓடி, அங்கே நின்று அந்த அம்மாளுக்குப் போன் செய்தார்.

"தொடச்சீங்களா?" அதுதான் அவரது முதல் கேள்வி.

"இல்லம்மா."

"அப்புறம் எப்படித் தெறந்தீங்க?"

சொன்னார்.

"நான் பெத்தவ," என்றார் அந்த அம்மாள். "நானே அவளுக்குப் பயந்து போர்வையைப் போட்டுக் கட்டி வெச்சிருந்தேன். நீங்க அவளுக்குப் புகுந்துக்க ஒரு ஆளைக் குடுத்திருக்கீங்க. இன்னிக்கே தொடைங்க. இப்பவே போங்க."

திரும்பி வந்து, மகளிடம் லேப்டாப்பைக் கேட்டார். அடம் பிடிப்பாள், அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ சமர்த்தாகச் சார்ஜரைச் சுருட்டிப் பைக்குள் வைத்து, பையை அவர் தோளில் மாட்டியும் விட்டாள்.

"சீக்கிரம் போங்கப்பா. கடை மூடிடப் போறாங்க."

மழை பிடித்துக்கொண்டது. பை நனையாமலிருக்க அதை முன்பக்கம் திருப்பி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். உள்ளே மூடிய லேப்டாப் சூடாக இருந்தது. விசிறி ஓடுகிறதோ என்னவோ, ஏதோ அதிர்ந்தது.

டக். டக். டக்.

நெஞ்செலும்பில் பட்டது. விட்டு விட்டு, பிறகு விடாமல். "சனியனே, சும்மா கிட!" என்று பையின் மேல் ஓங்கி ஒன்று வைத்தார். ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகத் தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார்.

வாண்டுவை நன்றாகத் தெரிந்த மெக்கானிக்கின் கடை, கூட்டமில்லை. "எல்லாத்தையும் தொடச்சிடு தம்பி. சாஃப்ட்வேரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

"கொஞ்சம் நேரம் புடிக்கும்ணே. எதிர்த்தாப்ல டீ குடிச்சிட்டு வாங்க."

டீ ஆறும்வரை கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சு மெல்லச் சீரானது. என் பொண்ணு எனக்குத் திரும்பக் கிடைச்சா போதும், லேப்டாப்பே இல்லாமல் படிக்கட்டும், நான் கடன் வாங்கியாவது புதுசு வாங்கித் தருகிறேன் என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டார். மழை விட்டதும் கடைக்குப் போனார்.

"முடிஞ்சுதுண்ணே. பளிச்சுனு ஆயிடுச்சு." மெக்கானிக் மூடியைச் சாத்தினான். "ஆமா, பொண்ணு வீடியோவை முன்னாடியே காப்பி எடுத்து வெச்சுக்கிட்டீங்கல்ல?"

"என்ன வீடியோ?"

"தொடைக்க ஆரம்பிச்சதும் தானா ஓடுச்சே. உங்க வாண்டுதான். சத்தம் வரல. தலையை ஒரு பக்கமா சாச்சுக்கிட்டு, கண்ணாடியைத் தட்டுற மாதிரி ரெண்டு கையாலயும் தட்டிக்கிட்டே இருந்துச்சு. நல்லா நடிக்குதுண்ணே, நிஜமாவே அழுதுச்சு."

போட்டோக்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏதாவது சொல்லுச்சா?"

"வாய் மட்டும் அசைஞ்சுது. திரும்பத் திரும்ப ஒரே வார்த்தை." மெக்கானிக் சிரித்தான். "எனக்கும் பொண்ணு இருக்குண்ணே. அப்பான்னு கூப்பிட்டா வாய் எப்படிப் போகும்னு தெரியாதா?"

"நிறுத்து. நிறுத்துடா அதை!"

"என்னண்ணே? எல்லாம்தான் முடிஞ்சு போச்சே. பாதியில வீடியோ அப்படியே நின்னு போய், அப்புறம் படமும் போயிடுச்சு."

எப்படி வீட்டுக்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. கதவு திறந்திருந்தது. மனைவி உள்ளே மகளின் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தாள். முன்னறையில் அவள் காத்திருந்தாள். நேராக உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாம் போயிடுச்சாப்பா? ஒண்ணும் மிச்சமில்லையே?"

அவளே பையை வாங்கி, லேப்டாப்பை எடுத்து, மேசையில் வைத்துத் திறந்தாள். கறுப்புத் திரையில் ஸ்டுடியோ விளக்கின் வெளிச்சம் விழுந்தது. கண்ணாடி முழுக்க விரல் தடங்கள். மெல்லிய விரல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு போன தடங்கள்.

போட்டோக்காரர் கேமராக் கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்தார். துடைத்தார். ஊதித் துடைத்தார். சட்டையால் அழுத்தித் துடைத்தார். வாண்டு, வாண்டு என்று முனகிக்கொண்டே துடைத்தார். ஒரு தடம்கூட அழியவில்லை.

அவள் அவர் கையை மெதுவாகப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுங்கப்பா. அது போகாது. உள்பக்கம் இருக்கு."