சுவரோடு அணைத்த பனி

டிராக்டரில் பனி தள்ளும் பிளேடு மாட்டிய அன்று கொட்டகையில் மூன்று பேர் இருந்தார்கள். கவிழ்த்துப்போட்ட பால் வாளியின் மேல் ஆர்டிஸ் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் பண்ணை லாயிட், பழைய அட்டைப்பெட்டியை விரித்து டிராக்டருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். பிளேடை விற்க வந்த வெர்னன், தன் வண்டியின் பின்கதவைத் தாழ்த்தி அதில் காலைத் தொங்கவிட்டிருந்தான். டிராக்டரின் இருக்கையில் யாரும் இல்லை.

அவள் புருஷன் விட்டுப்போன கிழட்டுச் சிவப்பு டிராக்டர் அது. வீட்டிலிருந்து தார்ச்சாலைவரை கால் மைல் வண்டிப்பாதை. வடக்கு டகோட்டாவின் பனிக்காலத்தில் அது அடைபட்டால் அவ்வளவுதான், வீடு தீவு. ஃபார்கோவில் இருக்கும் மகன் டேல் கறாராகச் சொல்லியிருந்தான்: பாதை ஒரே ஒருமுறை மூடினாலும் அம்மா முதியோர் இல்லத்துக்கு வந்துவிட வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பழைய பிளேடு.

"துளை சேரமாட்டேங்குது," என்றான் லாயிட் அடியிலிருந்து. "ஒரு விரல் தள்ளி நிக்குது. ஏன் வெர்னன், உங்க மாமா இத டிராக்டர்லதான் மாட்டியிருந்தாரா, இல்ல மாட்டுக் கழுத்துல தொங்கவிட்டிருந்தாரா?"

"மாட்டத் தெரியாதவன் பேசுற பேச்சு இது."

துளையைப் பெரிதாக்க டிரில்லை எடுத்துவர லாயிட் ஊர்ந்து வெளியே வந்தான். அவன் முதுகு திரும்பியிருந்தபோது இருக்கையின் சுருள்வில் கிறீச்சென்று ஒருமுறை அமுங்கியது. யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. கீழே இரும்போடு இரும்பு சேரும் சத்தம். லாயிட் குனிந்து பார்த்தால், துளைகள் இரண்டும் நேர்க்கோட்டில். இரும்பு முளை வெண்ணெயில் கத்தி போல இறங்கியது.

"நீ தள்ளினியா ஆர்டிஸ்?"

"நான் வாளிய விட்டு எந்திரிக்கவே இல்லையே."

பிளேடோடு வந்த, அதைத் தூக்கி இறக்கும் லிவரின் பிடியில் ஒரு தோல் கையுறை, கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. ஆர்டிஸ் அதை அறுக்கப் போனாள்.

"அது இருக்கட்டுங்க," என்றான் வெர்னன். "ஓரின் மாமாவோடது. இரும்பு கையில ஒட்டாம இருக்கக் கட்டினார். போன மாசம் அவர் சாகறவரைக்கும் அவிழ்த்ததில்ல. அத்தைக்குக் குளிர் ஆகாது. அதனால காத்து உள்ள புகாம வீட்டைச் சுத்திப் பனிய அணைச்சு வெப்பார்."

"எங்கப்பாவும்தான் அணைப்பார். ஜன்னலுக்குக் கீழவரைக்கும்," என்றான் லாயிட்.

"மாமா ஜன்னலோட நிறுத்தமாட்டார்."

"அத்தை இப்ப எங்க இருக்காங்க?" என்று ஆர்டிஸ் கேட்டாள்.

வெர்னன் காலாட்டுவதை நிறுத்தினான். "ஏப்ரல்ல பனி உருகினப்புறம்தான் வெளிய எடுத்தோம்."

முதல் பனி விழுந்ததும் ஆர்டிஸ் தானே பாதையைத் தள்ளி முடித்தாள். பெருமையாகத்தான் இருந்தது. மறுநாள் விடிந்தபோது வீட்டின் அடிச்சுவரைச் சுற்றிப் பனி அணைத்திருந்தது. முழங்கால் உயரம், பிளேடு வழித்த மழமழப்பு. லாயிடைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"நானா? என் வண்டி நேத்துலேர்ந்து ஸ்டார்ட்டே ஆகல. உனக்கு யாரோ ரகசியமா ஆள் இருக்கான் போல."

சிரித்துவிட்டு வைத்தாள். கதவிடுக்கில் ஊளையிடும் காற்று அன்று இல்லை. புருஷன் போனபின் முதல்முறையாக அவள் பாதங்கள் சூடாக இருந்தன. பேசுவதற்குச் சுவர்க்கடிகாரம் தவிர யாருமில்லாத வீட்டில், யாரோ தன்னை நினைத்திருக்கிறார்கள்.

அடுத்த பனிக்கு முன் டிராக்டரின் பேட்டரி ஒயரைக் கழற்றிச் சமையலறை மேஜைமேல் கொண்டுவந்து வைத்தாள். அப்படியும் காலையில் பனி ஜன்னல் விளிம்பைத் தொட்டு நின்றது. கொட்டகைக்குப் போய் எஞ்சின் மூடியைத் தொட்டாள். சூடு. பயந்து பின்வாங்கியிருக்க வேண்டும். உள்ளங்கையை அங்கேயே வைத்திருந்தாள், ஒரு மனித முதுகின் மேல் வைத்ததுபோல, தேவைக்கு அதிகமான நேரம்.

வெள்ளிக்கிழமை பெரும்புயல் வந்தது. தொலைபேசி செத்தது. நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. காற்றின் இரைச்சலுக்கு அடியில் எஞ்சினின் தடதடப்பும், பிளேடு தரையை வழிக்கும் நீண்ட உராய்வும், பிறகு பனி சுவரில் அழுந்தும் அந்த மெத்தென்ற முனகலும் வீட்டை மெதுவாகச் சுற்றி வந்தன. பெட்ரோல் புகை உள்ளே நாறியது. வரவேற்பறை ஜன்னல் கீழிருந்து மேலாகக் கறுத்தது. பிறகு படுக்கையறை.

வெளிக்கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தோளால் இடித்தாள். இல்லை. பின்கதவு. அதுவும்.

மேஜைமேல் ஒயர். அப்படியே.

சனிக்கிழமை காலை புயல் ஓய்ந்திருந்தது. சமையலறை ஜன்னலின் உச்சியில் மட்டும் ஒரு சாண் வெளிச்சம். நாற்காலியில் ஏறிப் பார்த்தாள். வண்டிப்பாதை தபால்பெட்டிவரை வகிடு எடுத்ததுபோலத் திறந்து கிடந்தது. டேல் குறை சொல்லவே முடியாது.

இறங்கி எழுதினாள்.

"டேல், பாதை திறந்திருக்கிறது. வீடுதான் மூடிவிட்டது. நான் தவறு செய்துவிட்டேன், உன்னோடு வந்துவிடுகிறேன். உடனே வா. மண்வாரி கொண்டு வா. அம்மா."

உறையை நக்கி ஒட்டினாள். தபால்தலையை ஒட்டினாள். மேல்கண்ணாடியை இறக்கி, விரல்கள் வெளியே தெரியும்வரை கையை நீட்டினாள். காற்று எங்காவது கொண்டுபோகட்டும்.

காற்று இல்லை.

ஒரு தோல் கையுறை. மணிக்கட்டில் கம்பி. அது உறையைக் கசங்காமல், பதமாக வாங்கிக்கொண்டது.

டிராக்டர் பாதையில் போனது. அவசரமே இல்லை. இருக்கை காலி. சுருள்வில் மட்டும் அழுந்தியிருந்தது. தபால்பெட்டி அருகே நின்றது. மூடி திறந்து மூடியது. கடிதம் இருக்கிறதென்று தபால்காரருக்குச் சொல்லும் சிவப்புக் கொடி நிமிர்ந்து நின்றது. இந்தப் புயலுக்குப் பிறகு அவர் திங்கட்கிழமைதான் வருவார்.

டிராக்டர் திரும்பியது.

பிளேடு இறங்கியது.

கண்ணாடியைத் தூக்கி மூடினாள். தூரத்தில் கொடி ஒரு சிவப்புப் புள்ளி. கண்ணாடியில் பனி ஏறியது. பாதி. பிறகு வெள்ளை.

பிறகு, கண்ணாடிக்கு மறுபக்கம், பனியைத் தட்டித் தட்டிச் சமப்படுத்தும் கையுறையின் சத்தம்.