நான்காவது ஸ்க்ரூ

கேம் ஆடுவதற்கான கம்ப்யூட்டரைக் கடையில் செய்து வாங்கினால் அதில் என்ன பெருமை என்று அண்ணன் கேட்டான். அதனால் பாகங்களைத் தனித்தனியாக வரவழைத்து வீட்டிலேயே பூட்டத் தொடங்கினான். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். நடந்து போக வேண்டிய அம்மா தாண்டித் தாண்டிப் போனார்.

அண்ணனுக்கு உதவியாள் நடுக்குட்டி. மூன்று பிள்ளைகளில் நடுவில் பிறந்ததால் அந்தப் பெயர். வயது பத்து. கேட்டதை எடுத்துக் கொடுப்பதும் டார்ச் பிடிப்பதும் அவள் வேலை. கூப்பிடாமலே வேலைக்கு வந்தவன் ஒருவனும் இருந்தான். இரண்டரை வயதுத் தம்பி. அண்ணன் எதைத் தொட்டாலும் அவனும் தொட்டாக வேண்டும்.

"இந்தக் கறுப்புப் பெட்டிதான் கம்ப்யூட்டரோட வயிறு. கரண்ட்டைச் சாப்பிட்டு மத்த எல்லாத்துக்கும் இதுதான் பிரிச்சுக் குடுக்கும்," என்று அண்ணன் நடுக்குட்டிக்கு விளக்கினான். தம்பியும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்தப் பெட்டியைக் கம்ப்யூட்டரின் கூடான கேபினெட்டுக்குள் வைத்து நான்கு ஸ்க்ரூ போட வேண்டும். மூன்றைப் போட்டுவிட்டு நான்காவதைத் தேடினால், காணோம்.

அண்ணன் தரையைத் தடவினான். நடுக்குட்டி பாயை உதறினாள். பிறகு இருவர் பார்வையும் தம்பி மேல் விழுந்தது.

"ஸ்க்ரூ எங்கேடா?" என்றான் அண்ணன்.

"மம்மு," என்றான் தம்பி, சந்தோஷமாக.

அண்ணன் அவன் முன்னால் மண்டியிட்டான். எங்கே இருக்கிறது என்று மறுபடி கேட்டான்.

"வயித்துல."

அண்ணன் போட்ட சத்தத்தில் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார். தம்பியின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். பற்கள்தான் இருந்தன. இரும்பு குடலைக் கிழித்துவிடுமே என்று புலம்பிக்கொண்டே அவனைத் தூக்கி இடுப்பில் வைத்தார், செருப்பை மாட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிச் சாவியைத் தேடும்படி அண்ணனை விரட்டினார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

"என்னாலதாம்மா. நான்தான் கீழே வெச்சேன்," என்றான் அண்ணன். கம்ப்யூட்டரே வேண்டாம் என்றிருந்தது அவனுக்கு.

எல்லாரும் பதறுவதைப் பார்த்துத் தம்பியின் உதடு பிதுங்கியது. இனி அவன் வாயிலிருந்து பேச்சு வராது, அழுகைதான் வரும். நடுக்குட்டிக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. தம்பி தனக்குப் பசித்தாலும் மம்மு என்பான், பொம்மைக்கு ஊட்டினாலும் மம்மு என்பான்.

ஒரே ஒரு நிமிஷம் நிற்கும்படி அம்மாவிடம் சொன்னாள். தம்பியின் கன்னத்தைத் தொட்டு மெதுவாகக் கேட்டாள்.

"தங்கம், நீ யாருக்கு மம்மு குடுத்தே?"

இதை முதலிலேயே கேட்டிருக்கக் கூடாதா என்பதுபோல் தம்பியின் முகம் மலர்ந்தது. அம்மாவின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினான். கறுப்புப் பெட்டியின் கம்பி வலையைச் சுட்டிக்காட்டினான்.

"வயிறு. மம்மு."

பாவம், அதற்கும் பசிக்காதா?

அண்ணன் மூன்று ஸ்க்ரூவையும் கழற்றினான். பெட்டியை வெளியே எடுத்துக் கவிழ்த்து உலுக்கினான். உள்ளே ஏதோ கலகலத்தது. அப்புறம் டிங் என்று தரையில் விழுந்தது நான்காவது ஸ்க்ரூ.

எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அம்மா செருப்போடு கூடத்தின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். தெரியாமல் சுவிட்சைப் போட்டிருந்தால் பெட்டியே புகைந்திருக்கும் என்று அண்ணன் சொன்னான். அது யார் காதிலும் விழவில்லை.

அம்மா நடுக்குட்டியை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"என் வயித்துல பாலை வார்த்தேடி, கண்ணு."

தம்பி அதைக் கேட்டான். வயிற்றில் பால். அவனுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. மேசை ஓரத்தில் ஆறிக்கொண்டிருந்த தன் பால் டம்ளரை எடுத்துக்கொண்டு கறுப்புப் பெட்டியை நோக்கி நடந்தான்.

மூன்று பேரும் ஒரே தாவலில் அவனைப் பிடித்தார்கள். பிடித்த பிறகு சிரிக்கத் தொடங்கியவர்கள் வெகுநேரம் நிறுத்தவில்லை. பாலை மட்டும் நடுக்குட்டி பத்திரமாக வாங்கி, அவன் வயிற்றுக்கே அனுப்பிவைத்தாள்.