வலிக்கும் வரை

"இன்னும் சாய்க்கட்டுமா டாக்டர்?"

"போதும்மா! பத்து தடவைதான் சொன்னேன். நீ அறுபது பண்றே."

ஜெசிந்தா காதில் வாங்கவில்லை. தழும்பு இறுகிய கழுத்தைப் பின்னால் வளைத்தாள். உயிர் போய் வந்தது. சுவரிலிருந்த வலியிணைப்பியின் பச்சை விளக்கு குப்பென்று சிவந்தது.

நானூறு கிலோமீட்டர் தள்ளி, சிறைக்குள், அதே நொடியில் திலகராஜ் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அலறியிருப்பான்.

புதிய சட்டம் அப்படி. ஆசிட் வீசியவனின் பிடரியில் ஒரு மின்சில்லு. அவளுக்கு எழும் வலி அதே அளவில் அவனுக்கும் போய்ச் சேரும். அவளுக்கு வலிக்கும் வரை அவனுக்குத் தண்டனை. ஆபரேஷன் நாட்களில்தான் அவளுக்கு எரிச்சலாக வரும். அவளுக்கு மயக்க மருந்து கொடுத்தால், அவனுக்கும் ஓய்வு!

"கத்தினானா மேடம்?" இலவசச் சட்ட உதவி மையத்து வக்கீல் கோமளாவிடம் வாராவாரம் அதே கேள்வி.

"தரையில உருண்டானாம். ஜெயிலர் சொன்னார்."

"உருளட்டும். நாளைக்கு எண்பது."

மூன்று வருடங்கள். வாய் திறக்கும் பயிற்சி, இமையை இழுத்து மூடும் பயிற்சி. மற்றவர்கள் அழுதுகொண்டே பாதியில் விட்டதையெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள். 'வாங்கிக்கடா... இந்தா, இன்னொண்ணு!'

ஒரு நாள் காலை, கழுத்தை முழுசாக வளைத்தாள். விளக்கு பச்சையாகவே இருந்தது.

"மிஷின் ரிப்பேரா டாக்டர்?"

டாக்டர் இத்ரீஸ் சிரித்தார். "மிஷின் நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் வலிக்கல. உன்னை மாதிரி பயிற்சி பண்ணவங்களை நான் பார்த்ததே இல்ல. குணமாயிட்டே ஜெசி!"

அன்று வந்திருந்த கோமளா சிரிக்கவில்லை. "முப்பது நாள் தொடர்ந்து பச்சையா இருந்தா, அவனை விட்டுடுவாங்கம்மா."

ஜெசிந்தா கழுத்தைத் தடவிப் பார்த்தாள். மெத்தென்றிருந்தது. எரியவில்லை. இழுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அவனை அடிப்பதாக நினைத்து, அவன் பூட்டையல்லவா அவள் திறந்திருக்கிறாள்!

பிறகு நிமிர்ந்தாள்.

"காது ஆபரேஷன் பாக்கி இருக்குல்ல டாக்டர்?"

"அது வெறும் அழகுக்குத்தானேன்னு நீதான் வேண்டாம்னே. செஞ்சுடலாம், மூணு மணி நேர வேலை. மயக்க மருந்து கொடுத்தா ஒண்ணும் தெரியாது."

"அது வேண்டாம்."

"எது, ஆபரேஷனா?"

"மயக்க மருந்து."