டேப்பின் மறுமுனை

"யாரைக் கேட்டு எங்க தோட்டத்து ஓரத்துல முளை அடிச்சீங்க?"

ஓடையை அளக்க வந்த என்ஜினீயர் அஸீலா நிமிர்ந்தாள். அக்கரையில், வாழைகளுக்கு முன்னால் ஒருவன். குரலில் கோபம். கண்கள் மட்டும் அந்தக் கோபத்தோடு சேரவில்லை...

"ஓடையக் கேட்டுத்தான்," என்றாள். "போன வெள்ளத்துல கீழத் தெருவெல்லாம் முங்குச்சே. அகலம், ஆழம், கரை எப்படி இருக்குன்னு பாக்கணும்."

"ஒத்தையிலயா?"

"டேப் பிடிக்கக் கொம்பையா அண்ணாச்சி வருவாக. இன்னைக்குக் காய்ச்சல்."

அவன் சிரித்துவிட்டான். "டேப்ப இங்கன வீசுங்க. ரசீத் பிடிச்சா விட மாட்டான்."

"யாரு ரசீத்?"

"நான்தான்."

டேப்பின் முனை அக்கரைக்குப் பறந்தது.

"இழுத்துப் பிடிங்க!"

அவள் தண்ணீரில் இறங்கி, கம்பை ஊன்றி ஊன்றி ஆழம் பார்த்தாள். நிமிரும்போதெல்லாம் அந்தக் கண்கள்... மணிமுத்தாற்று மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

கரையேறித் திரும்பியபோது அவன் நின்ற இடம் உறுத்தியது. ஓடை இவ்வளவு நேராகக் கரை போடாது. மண்ணும் தோட்டத்து மண்.

கேட்காமல் எழுதிக்கொண்டு போய்விடலாம். ஆனால், இவன் பொய்யனாக இருந்துவிடக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது.

"இந்தக் கரை ஓடை போட்டதா, நீங்க போட்டதா?"

சிரிப்பு போயிற்று. "எங்க வாப்பா ஓடைக்குள்ள மண்ணக் கொட்டிப் போட்டது. அதுக்கு மேல ரெண்டு வரிசை வாழை, குலை தள்ளி நிக்கி. இப்ப என்ன செய்யச் சொல்லுதீங்க?"

"உண்மையான கரை எதுன்னு சொல்லுங்க. போதும்."

அவன் விறுவிறுவென்று வாழைக்குள் போனான். கோபித்துக்கொண்டு போகிறான்... போகட்டும்.

அவள் கையிலிருந்த டேப் சுருள் சுழன்றது. இன்னும் சுழன்றது. முனையை அவன் விடவில்லை!

இரண்டு வரிசைக்கு அப்பால், வேர் தெரிய நின்ற மருத மரத்தடியிலிருந்து குரல் வந்தது.

"இதான் கரை! எழுதுங்க!"

மழை விழுந்தது. எழுதிவிட்டு அவள் டேப்பைச் சுற்றினாள். முனையோடு அவனும் ஓடையில் இறங்கி, பைய நடந்து, எதிரே வந்து நின்றான். இமையெல்லாம் நீர்.

"உங்க வாப்பா ஏசுவாகளே..."

"ஏசுவாக. ஏம்லே சொன்னேன்னு கேப்பாக."

"என்ன சொல்லுவீங்க?"

"ஒரு புள்ளைக்கு முன்னால பொய்க் கரையில நிக்க முடியலன்னு."

"எந்தப் புள்ளைன்னு கேட்டா?"

"எனக்குப் பிடிச்சுப்போன புள்ளைன்னு. பேருதான் தெரியாது."

"அஸீலா..." என்றாள். பிறகு அவசரமாக, "டேப்ப விடுங்க."

"நீங்கதான இழுத்துப் பிடிக்கச் சொன்னீங்க?"

அவள் மழையைப் பார்த்தாள்.

"மேல இன்னும் ஓடை கிடக்கு. நாளைக்கும் அளக்கணும்."

அவன் முகம் வாடியது. "அதுக்குள்ள அண்ணாச்சிக்குக் காய்ச்சல் விட்டிருமே?"

"விடட்டும். அவுகள வர வேண்டாம்னு சொல்லிருதேன்."