பக்கம் அறுபத்தொன்றில் ஒரு கட்டைவிரல்

"ஐயோ... யாராச்சும் ஓடியாங்களேன்!"

பனமரத்துப்பட்டி ஏரிக்கரைத் தெருவே ஓடி வந்தது.

வாசலில் இலக்கியா கத்திக்கொண்டு நின்றாள். உள்ளே, கண்ணாடி பீரோவின் முன்னால், ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் சடையன் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது.

பீரோவில் ஒரு புத்தகம்கூடக் கலையவில்லை!

மணி பன்னிரண்டரை.

மூன்று மணிக்கு இலக்கியா காவல் நிலையத்தில் இருந்தாள். எதிரே இன்ஸ்பெக்டர் அறிவுச்செல்வி.

"பீரோ முழுக்க உன் கைரேகை."

"போன வாரம் நாலு நாளு அங்க உக்காந்துதானுங்க புத்தகத்தை ஸ்கேன் பண்ணுனேன்!"

"ஏன், ஆபீசுக்கு எடுத்துட்டுப் போக மாட்டீங்களா?"

"அவரு விடலீங்க மேடம். முன்ன எங்க ஆபீசுக்குக் குடுத்ததுல எட்டுப் புத்தகம் திரும்பி வரலையாம். 'இனி எம் புத்தகம் வாசப்படி தாண்டாது, நீ வேணா தாண்டி வா'ன்னுட்டாரு."

"உன்னைத் திருடின்னும் கத்துனாரு. தெருவே கேட்டிருக்கு."

"கத்துனாரு... அப்புறம் காப்பியும் குடுத்தாருங்க."

"இன்னிக்கு எதுக்குப் போனே?"

"அவருதான் கூப்பிட்டாரு. 'திருடன் யாருன்னு தெரிஞ்சுபோச்சு, உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும், மத்தியானம் சாப்பிட வா சாமி'ன்னாரு."

"அதுக்குச் சாட்சி?"

"அவருதானுங்க..."

"அவரு சவக்கிடங்குல இருக்காரு. காளிதாஸ்! அஞ்சு மணிக்கு இவளை மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். பேப்பரைத் தயார் பண்ணுங்க."

"சரிங்க மேடம்" என்றார் ஏட்டு.

இலக்கியா அழக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் அந்த இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவர் கலைமணி. இலக்கியா வேலை பார்க்கும், அயோத்தியாப்பட்டணத்தில் பழைய புத்தகங்களைக் கணினியில் ஏற்றும் நிலையத்தின் தலைவி. பின்னால் கோகுல்ராஜ். அங்கே பிழை திருத்துகிறவர்களில் முதல்வன்.

அவர்கள் வேலை எளிமையானது. பக்கத்தைப் படம் பிடிப்பார்கள். கணினி அந்தப் படத்தைப் படித்து எழுத்தாக்கும். 'கழுதை' என்றிருந்தால் 'கமுதை' என்று படிக்கும். படத்தையும் எழுத்தையும் அருகருகே வைத்துத் திருத்த வேண்டும்.

"உங்க ஆபீஸ் ஆளுங்க எல்லார்கிட்டயும் கேக்கறேன். காலையில நீ எங்கப்பா இருந்தே?" என்று அறிவுச்செல்வி கோகுல்ராஜிடம் கேட்டார்.

"ஊட்டுலதானுங்க மேடம்." கோகுல்ராஜ் ஒரு காகிதத்தை நீட்டினான். "சடையன் ஐயாவோட மாட்டு வைத்தியப் புத்தகத்தைத்தான் திருத்திட்டு இருந்தேன். பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும் பதினெட்டுப் பக்கம். ஒவ்வொண்ணுக்கும் நேரம் பதிவாயிருக்குது."

சடையன் செத்ததாக மருத்துவர் சொன்ன நேரமும் பத்திலிருந்து பன்னிரண்டு!

"அவர் ஊட்டுக்கு எப்பவாச்சும் போயிருக்கியா?"

"படியைக்கூட மிதிச்சதில்லீங்க. அந்தப் புத்தகத்தைப் படத்துல பார்த்ததோட சரி."

அறிவுச்செல்வி காகிதத்தை ஃபைலில் செருகப் போனார்.

"ஒரு நிமிசம் மேடம்." கலைமணி மடிக்கணினியைத் திறந்தார். "இந்தப் பொண்ணுக்காக எதையாச்சும் பார்த்துட்டே இருக்கணும்போல இருக்குது எனக்கு."

ஒரு பக்கம்... இன்னொரு பக்கம்...

அறுபத்தொன்றில் கை நின்றது.

"கோகுல், இதைத் திருத்துனது நீதானே?"

"ஆமாங்கக்கா. பதினொண்ணு இருவதுக்கு."

கலைமணி திரையை இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பினார்.

பக்கத்தின் அடியில், ஊதா நகப்பூச்சோடு, கொழுகொழுவென்று ஒரு கட்டைவிரல்!

"யார் விரல் இது?"

"என்னுதுதானுங்க..." என்றாள் இலக்கியா. "பக்கத்தை அமுக்கிப் புடிக்கையில விழுந்திருச்சு."

"கீழ நாலு வரி விரலுக்கு அடியில போயிருச்சு மேடம்" என்றார் கலைமணி. "இப்படி இருந்தா 'தெளிவில்லை'ன்னு போட்டுட்டுத் தாண்டிரணும். அதுதான் எங்க வழக்கம். இவன் நாலு வரியையும் அடிச்சு வச்சிருக்கான். 'ஆடாதோடை இலை இரண்டு கைப்பிடி, மிளகு ஒன்பது, பழைய வெல்லம் எலுமிச்சை அளவு...'"

"ஊகிச்சுப் போட்டேங்கக்கா!"

"மிளகு ஒன்பதுன்னா ஊகிச்சே? எட்டுன்னு ஏன் ஊகிக்கலை?"

அறிவுச்செல்வி ஏட்டின் பக்கம் திரும்பினார்.

"காளிதாஸ்! பீரோவுல இருந்து எடுத்துட்டு வந்த புத்தகம் எங்கே?"

ஏட்டு பிரித்தார். அறுபத்தொன்று. மிளகு ஒன்பது! காற்புள்ளிகூட மாறவில்லை!

"இதுக்கு வேற பிரதி இருக்கா?"

"உலகத்துலேயே இது ஒண்ணுதானுங்க. அதுக்குத்தானே அவரு அத்தனை பெருமை பேசுவாரு!" என்றாள் இலக்கியா.

அறிவுச்செல்வி எழுந்தார்.

"சடையன் பீரோவுக்குள்ள இருந்த மிளகை, உங்க ஊட்டுல உக்காந்து எப்படிடா எண்ணுனே?"



"நெட் இல்லாமலும் ஓடுற மென்பொருள் மேடம்" என்றார் கலைமணி. "நேரம் பதிவாகும். எந்த ஊர்ல உக்காந்து திருத்துனான்னு பதிவாகாது. ஊட்டுல இருந்ததாக் காட்டத்தான் மடிக்கணினியோட அங்க போயிருக்கான். ஆறு வருசத்துல ஒரு தடவைகூட இவன் 'தெளிவில்லை'ன்னு போட்டதில்லை. ஒரு பக்கம் பொணம், ஒரு பக்கம் புத்தகம்... கை சும்மா இருக்குமா? ஏன்டா கோகுல், புத்தகங்களைத் திருப்பிக் குடுக்குற வேலையும் உன்னுதுதானே? அந்த எட்டையும் வித்துத் தின்னுட்டியா? அது அவருக்குத் தெரிஞ்சுபோச்சுன்னுதானே அடிச்சே?"

"வக்கீல் வராம ஒரு வார்த்தை பேச மாட்டேன்!" என்று கத்தினான். "எதால அடிச்சேன்? எங்கே போட்டேன்? காட்டுங்க பார்க்கலாம்!"

அறிவுச்செல்வி உதட்டைக் கடித்தார். ஆயுதம் கிடைக்கவில்லை. மணி நாலரை!

கலைமணி அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார்.

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது.

"காளிதாஸ், டைப் பண்ணுங்க. 'கோகுல்ராஜாகிய நான் சடையனை அம்மிக்குழவியால் முகத்தில் அடித்தேன். குழவியைக் கிணற்றில் போட்டேன்.'"

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்!"

"போட வேண்டாம். சும்மா படிச்சுப் பாரு."

காகிதத்தையும் ஒரு சிவப்புப் பேனாவையும் மேஜையில் விட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்தார்கள். கதவு சாத்தப்பட்டது.

டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை.

பத்து நிமிடம்...

உள்ளே போன ஏட்டு காகிதத்தோடு ஓடி வந்தார்.

"மேடம்! பூராவும் செவப்பு!"

'அம்மிக்குழவி' அடிக்கப்பட்டிருந்தது. மேலே, அழகான கையெழுத்தில்: 'புத்தகம் அழுத்தும் இரும்புக் கட்டி'. 'முகத்தில்' அடிக்கப்பட்டு, 'பின்மண்டையில்'. 'கிணற்றில்' அடிக்கப்பட்டு, 'ஏரி மதகுக்கு இடப்புறம், புங்கமரத்தடியில்'.

ஜீப் பறந்தது. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஃபோன் வந்தது. புங்கமரத்தடி... இரும்புக் கட்டி... ரத்தம்!

"நீ ஊட்டுக்குப் போம்மா" என்றார் அறிவுச்செல்வி.

இலக்கியா இப்போதுதான் அழுதாள். "விரல் விழுந்ததுக்குச் சம்பளத்துல புடிப்பீங்களாக்கா?"

"இந்த ஒரு விரலுக்கு மட்டும் மாட்டேன் சாமி."

உள்ளேயிருந்து கோகுல்ராஜின் குரல் கேட்டது.

"மேடம்... அந்தப் பேப்பரை இன்னொருக்கா குடுங்க! தேதியும் தப்பா இருக்குது!"

ஏட்டு காளிதாஸ் தலையைச் சொறிந்தார்.

"மேடம்... மூணு வருசமா முடியாமக் கிடக்குற பன்னெண்டு கேஸ் ஃபைலையும் உள்ள குடுத்துப் பார்ப்போமா?"