நாலு விரல் வேம்பு

என் பெயர் மாசாணம். வயது இருபத்திரண்டு. சொந்த ஊர் கொடுமுடிக்குப் பக்கம். 1963 மாசி மாதம், போத்தனூரில் ரயில்பாதையை ஒட்டிய தகரக் கொட்டகையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

என் முதலாளி சுந்தரராஜுலு, பொருட்காட்சிக்கு வைக்க ஒரு மேசை அகலத்தில் மாதிரிக் கிராமம் செய்கிறார். அட்டை வீடுகள் அவர் வேலை, மரங்கள் என் வேலை. மெல்லிய வேரைத் தலைகீழாக நிறுத்தினால் அதுவே கிளை. அதில் வஜ்ஜிரப் பசை தடவி, பச்சைச் சாயம் ஏற்றிச் சலித்த மரத்தூளில் புரட்டி எடுத்தால், மூன்றடி தள்ளி நிற்பவன் கண்ணுக்கு அது நாலு விரல் உயரத்தில் இலை அடர்ந்த வேம்பு. நூற்றிருபது மரம் நட்டாயிற்று. அதில் ஒன்று மட்டும் இலை உதிர்த்தது.

முதல் நாள் காலையில் அதன் அடியில் பச்சைத்தூள் சின்ன வட்டமாகக் கிடந்தது. மறுபடி ஒட்டினேன். அடுத்த நாளும் உதிர்ந்திருந்தது. "ஏம்பா, உம்மரத்துக்கு மட்டும் முன்னாலயே பங்குனி வந்துருச்சாட்ட இருக்குது" என்று முதலாளி சிரித்தார். வேரை உப்புத் தண்ணீரில் வேகவைத்து வெயிலில் காயப்போட்டுத்தான் எடுக்கவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். இந்த ஒரு வேரை நான் வேகவைக்கவில்லை. முடிபோல் அவ்வளவு மெலிசு, வெந்தால் நுனி ஒடிந்துபோகும். அதை அவரிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், தகரம் காய்ந்து வஜ்ஜிர வாடை தொண்டையை அடைக்கும் நேரத்தில், அதற்கும் மேலாக இன்னொரு வாடை எழுந்தது. துணியில் கக்கிக் காய்ந்த பாலின் வாடை. குனிந்து மரத்தைத் தொட்டேன். ஈரமாக இருந்தது. நுனி ஐந்தும் மெல்ல மடங்கி என் விரலைச் சுற்றிக்கொண்டன. இறுக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டன.

அன்று சாயங்காலம் என் அக்கா பழனியாத்தாளும் அவள் புருசன் கருப்புசாமி மச்சானும் ஊரிலிருந்து வந்து இறங்கினார்கள். அக்காவுக்கு எட்டு மாதம். பெரியாஸ்பத்திரியில் காட்ட வந்திருந்தாள். போன வருசம் பிறந்த பையன் மூன்றாம் நாளே போய்விட்டான். இதாவது தங்கவேண்டும் என்று எல்லாச் சாமிக்கும் நேர்ந்திருந்தாள். எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தை இறந்தால் ஆண்கள் கொண்டுபோய்ப் புதைப்பார்கள். இடத்தைப் பெற்றவளிடம் சொல்வதில்லை. சொன்னால் போய் மண்ணைக் கிளறுவாள். நான் அப்போது போத்தனூரில் இருந்தேன். எனக்கும் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அக்கா மேசையைச் சுற்றிப் பார்த்தாள். நூற்றிருபதில் அந்த ஒன்றைத்தான் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். அவள் கையில் ஒரு தூள்கூட உதிரவில்லை. "இது எனக்கு வேணுங் கண்ணு" என்றாள். கொடுக்காதே என்று உள்ளே ஏதோ சொன்னது. ஆனாலும் தலையாட்டிவிட்டேன்.

வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த மச்சானிடம் போய், அக்கா ஒரு வேர் மரத்தை எடுத்துக்கொண்டாள் என்றேன். அவர் கேட்டார்.

"அந்த வேர எங்க தோண்டுன மாப்ள?"

"பொங்கலுக்கு வந்தப்பங்க மச்சான். உங்க ஊட்டுக்குப் பொறவால, கெணத்து மேட்டுல. மண்ணு பொதபொதன்னு இருந்துதுங்க."

அவர் கிளாஸைத் தரையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"அங்கதான் மாப்ள பையன வெச்சேன்."

உள்ளே ஓடினோம்.

மூலையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தாலாட்டுச் சத்தம். பால் வாடை. மச்சான் தோளைத் தொட்டுத் திருப்பினார். மரம் அவள் மார்போடு ஒட்டியிருந்தது. வேர் வெளியே தெரியவில்லை. தோலுக்கடியில் ஓடியது, பச்சை நரம்பாக. கழுத்துவரை. இலை மரத்தூள் இல்லை. நிஜக் கொழுந்து. அசைந்தது. காற்று இல்லை.

வயிறு.

சற்றுமுன்வரை நிறைந்திருந்த வயிறு வற்றிக் கிடந்தது. ரத்தம் இல்லை. ஒன்றுமே இல்லை.

"சத்தம் போடாதீங்க. இப்பத்தான் பசியாறுது" என்றாள்.

இது நடந்து இரண்டு நாள் ஆகிறது. மரம் இப்போது ஒரு முழம்.

இதைப் படிப்பவர்கள் எங்கள் அம்மா பாவாத்தாளிடம் சொல்லி அனுப்புங்கள். வருகிறவர்கள் கத்தி, அரிவாள் எதுவும் கொண்டுவரவேண்டாம். ஒரு கொழுந்தைக் கிள்ளிப் பார்த்தோம். அக்கா வாயிலிருந்து குழந்தை அழுதது.